மீனில் தொடங்கும் மகரம்

குழந்தைகளை உட்கார வைத்து, "ஏதாவது கற்பனை மிருகம் வரைங்க, பாக்கலாம்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது ஓவியம் சொல்லித்தரும் எல்லோருக்கும் தெரியும். நாலைந்து பேர் கார்ட்டூனில் பார்த்த டிராகனை அப்படியே தாளில் இறக்குவார்கள். சிலர் டைனோசருக்கு இறக்கை ஒட்டுவார்கள். மற்றவர்கள் பென்சிலைக் கடித்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்ப்பார்கள். கற்பனை என்று சொல்லிவிட்டாலே கை ஓடிவிடும் என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறோம். கண்ணில் சரக்கு இல்லாமல் கை ஓடாது. உலகில் இல்லாத உயிரை வரையச் சொல்லித்தர வேண்டுமானால், முதலில் உலகில் உள்ள உயிரை உற்றுப் பார்க்கச் சொல்லித்தர வேண்டும். இந்த அத்தியாயத்தின் பயிற்சிகள் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

இத்தாலியின் லியொனார்டோ டா வின்சியைப் பற்றி 16-ஆம் நூற்றாண்டில் வசாரி எழுதிவைத்த செய்தி ஒன்று உண்டு. இளவயதில் ஒரு கேடயத்தில் பயங்கரமான விலங்கு ஒன்றைத் தீட்ட வேண்டி வந்தபோது, அவர் பல்லி, பாம்பு, வெட்டுக்கிளி, வௌவால் என்று பிடித்து வந்து அறைக்குள் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து அந்த விலங்கை உருவாக்கினாராம். நம் கற்றச்சர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இதே வழியில்தான் யாளியையும் மகரத்தையும் செய்தார்கள்.

இந்த அத்தியாயத்தில் வரைய எடுத்துக்கொள்வது மகரத்தை. யாளியைக் கடைசியில், பெரிய பிள்ளைகளுக்காகப் பார்ப்போம்.

ஏன் மகரம்

இந்தப் பாடம் கீழவாஞ்சூர்ப் பிள்ளைகளை மனதில் வைத்தது. காரைக்கால் மாவட்டத்தின் தென்கோடியில், நாகூரை ஒட்டி இருக்கிற ஊர் அது. 2009 முதல் இங்கே துறைமுகம் இயங்குகிறது. கப்பலையும் கிரேனையும் தினம் பார்க்கிற பிள்ளைகள், அ, ஆ எழுதப் பழகும் முன்பே வாவலையும் வஞ்சிரத்தையும் பிரித்துச் சொல்கிற பிள்ளைகள். வடக்கே பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காளிக்குப்பம் என்று காரைக்கால் கரை முழுக்க இப்படித்தான். இவர்களுக்குச் சிங்கம் படத்தில் பார்த்த விலங்கு. மீன் வீட்டு விலங்கு மாதிரி. ஆகவே பாதி உடம்பு மீனாக இருக்கிற கற்பனை விலங்கிலிருந்து தொடங்குவதே இவர்களுக்கு நியாயம். கொங்கு நாட்டிலோ மலையடிவாரத்திலோ சொல்லித்தருகிறவர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆடு, மாடு, கோழியிலிருந்து தொடங்கலாம்.

மகரத்துக்கு முதலையின் வாய். மேலுதடு நீண்டு, குட்டையான துதிக்கையாகப் பின்பக்கம் சுருளும். பிதுங்கிய உருண்டைக் கண், சிங்கத்தின் முன்னங்கால், செதிள் போர்த்த மீன் உடம்பு. வால் இருக்க வேண்டிய இடத்தில் கொடிக்கருக்கு சுருண்டு சுருண்டு மேலே விரியும். வருணனுக்கும் கங்கைக்கும் இதுதான் வாகனம். மன்மதனின் கொடியில் இருப்பதும் பெருமாளின் காதில் குண்டலமாகத் தொங்குவதும் இதுவே. நீரோடு இவ்வளவு உறவுள்ள இன்னொரு கற்பனை விலங்கு நம் சிற்பத்தில் இல்லை.

பிள்ளைகளை அழைத்துப் போகும் முன்

முதலில் நீங்கள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். காரைக்காலைச் சுற்றிப் பழைய கோயில்களுக்குப் பஞ்சமே இல்லை. திருநள்ளாறு, திருப்புகலூர், திருமருகல், திருச்செங்காட்டங்குடி எல்லாம் பேருந்தில் போய்த் திரும்பும் தூரம். தேட வேண்டிய இடங்கள் மூன்று. சுவர் மாடங்களுக்கு மேலே வளைவாகச் செதுக்கியிருக்கும் மகர தோரணத்தில் இரு முனையிலும் மகரம் இருக்கும்; தோரணமே அவற்றின் வாயிலிருந்து புறப்பட்டு வருவதுபோல் இருக்கும். உற்சவர் சிலைக்குப் பின்னால் வைக்கும் திருவாசியின் அடிப்பகுதியிலும் பல கோயில்களில் இவை உண்டு. மூன்றாவது, கோயிலின் அடித்தளத்தில் ஓடும் யாளி வரி. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போக முடிந்தால் குனிந்து இந்த வரியைப் பாருங்கள். ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த அந்தக் கோயிலில், யாளிகள் அணிவகுத்துப் போகும் வரியின் மூலைகளில் மகரத் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் வாய்க்குள் மனித உருவங்கள் இருக்கும். பிள்ளைகள் விமானத்தை அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டு இங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் உயரத்துக்குச் சரியான சிற்பமும் இதுதான்.

கோயிலுக்குள் நோட்டும் பென்சிலும் போதும். சிற்பத்தின் மேல் சாக்பீஸ் தடவி உருவத்தை எடுப்பது, தாளை வைத்துக் கரியால் தேய்ப்பது இரண்டையும் கண்டிப்பாகத் தடுங்கள். ஆயிரம் ஆண்டு மழையைத் தாங்கிய மூக்கு நம் கை பட்டுத் தேயக் கூடாது. நிர்வாகத்திடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நடை சாத்தும் நேரத்தில் துரத்தப்பட மாட்டீர்கள்.

நாகூரை ஒட்டிய ஊர் என்பதால் வகுப்பில் மூன்று மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். கோயில் பயணத்தை யாருக்கும் கட்டாயமாக்காதீர்கள். வராத பிள்ளைக்குச் சிற்பத்தின் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தால் போதும். உயிருள்ளவற்றின் முகம் வரைவதை வீட்டில் விரும்பாத பிள்ளையும் இருக்கலாம். அந்தப் பிள்ளை செதிள் வரிசையையும் கொடிக்கருக்கு வாலையும் வரையட்டும். அது இரண்டாம் தர வேலை ஆகிவிடாது. மகரத்தின் வால் தனியாகவே பெரிய ஓவியப் பாடம். நாகூர் கடைத்தெருவில் துணி எம்பிராய்டரியில் வளையும் கொடிகளைப் பார்த்து வளர்ந்த கைக்கு அது இயல்பாகவே வரும்.

வயது

விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் எழுதிய நூலில் குழந்தை ஓவியத்தின் படிநிலைகளைப் பிரித்துச் சொன்னார். ஆசிரியர் பயிற்சிகளில் இன்றைக்கும் அது வருகிறது. அவர் கணக்குப்படி 4 முதல் 7 வயது வரை பிள்ளை தனக்குத் தெரிந்ததை வரைகிறது. 7 முதல் 9 வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவத்தை முடிவு செய்துகொண்டு அதையே திரும்பத் திரும்ப வரைகிறது. 9-க்குப் பிறகு, வரைந்தது நிஜம் மாதிரி இல்லையே என்ற கவலை வருகிறது. மகரப் பாடத்துக்குப் பொருத்தமான வயது 8 முதல் 12. நிஜம் மாதிரி வரவில்லை என்று பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைக்கத் தொடங்கும் பருவம் இது. மகரத்துக்கு நிஜ மாதிரியே கிடையாது என்பதால் யாரும் யாரையும் "தப்பு" என்று சொல்ல முடியாது. அந்தத் துணிச்சல் அவர்களுக்கு இப்போதுதான் தேவைப்படுகிறது.

சின்னவர்கள் வந்து உட்கார்ந்தால் விரட்டாதீர்கள். அலை வந்து போன ஈரமணலில் குச்சியால் பெரிதாக வரையச் சொல்லுங்கள். தோள் முழுக்க அசைந்து வரையும் கோடு அவர்களுக்குத் தாளில் கிடைக்காது. பெரியவர் ஒருவர் கட்டாயம் கடல் பக்கம் நிற்க வேண்டும்.

முதல் வகுப்பு: மீன்

காலையில் சங்கரா இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாவலுக்குச் செதிள் மிகச் சிறிது, வாளைக்கு இல்லவே இல்லை. சங்கராவுக்குச் செதிள் தெளிவாகத் தெரியும், கண் பெரிது, நிறமும் பிள்ளைகளை இழுக்கும். கொடுவாவும் நல்லது, விலைதான் கூடுதல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது. கோடை விடுமுறை வகுப்பு அந்த நாட்களில்தான் வரும் என்பதால், ஃபைபர் படகில் வருவதை நம்பியிருக்க வேண்டும், அல்லது குளத்துக் கெண்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். மீனை எவர்சில்வர் தட்டில் ஐஸ் போட்டு வையுங்கள். முதுகுத் துடுப்பின் முள் குத்தும் என்பதைப் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள்.

பத்து நிமிடம் யார் கையிலும் பென்சில் இருக்கக் கூடாது. கேள்வி கேளுங்கள். வாய் திறந்தால் எந்த இடம் வரை பிளக்கிறது? கண் தலையின் நடுவிலா, மேல்பக்கமா? செவுள் மூடி எந்த இடத்தில் முடிகிறது? பக்கத் துடுப்பு அதற்கு முன்னாலா, பின்னாலா? இரண்டாவது ஜோடித் துடுப்பு எங்கே? தினமும் மீன் தின்கிற பிள்ளைகள்தான், ஆனாலும் இந்தக் கேள்விகளுக்குத் தடுமாறுவார்கள். தட்டைச் சுற்றி முட்டி மோதுவார்கள். பாடம் நடந்துகொண்டிருப்பது அந்த முட்டலில்தான்.

பிறகு செதிள். இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் மகரத்தின் உடம்பு முழுவதும் இதுதான். பிள்ளைகள் வழக்கமாக உடம்பு முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்துவிடுவார்கள். விரல் நுனியால் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவச் சொல்லுங்கள்: வழுக்கும். வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் தட்டும், நகம் மாட்டும். ஆக, ஒவ்வொரு செதிளின் வேரும் தலைப்பக்கம், விளிம்பு வால்பக்கம். முன்வரிசை பின்வரிசையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, ஓட்டு வீட்டுக் கூரையில் மேலோடு கீழோட்டின் தலையை மூடுவதைப் போல. இதைக் கையால் தொட்டுவிட்ட பிள்ளை வரையும் முறையே மாறிவிடும். செவுளை ஒட்டி முதல் வரிசை வளைவுகளை முழுதாகப் போடும். அடுத்த வரிசையில், முதல் வரிசையின் இரண்டு வளைவுகள் சேரும் இடத்துக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு வளைவும் எட்டிப் பார்க்கும். மூன்றாவது வரிசை வரும்போது தாளில் உடம்பு உருண்டுகொண்டு எழும். முழு மீனுக்கும் போடச் சொல்லிக் கையை ஒடிக்காதீர்கள். உள்ளங்கை அளவு செதிள் சரியாக வந்தால் போதும்.

பென்சில் 4பி அல்லது 6பி. எச்பி பென்சிலை அழுத்தி அழுத்தித் தாளைக் கிழிப்பதுதான் பள்ளியில் பழகியது. ரப்பரை முதல் வகுப்பில் வாங்கி வைத்துவிடுங்கள். தவறிய கோட்டுக்குப் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடட்டும். கடற்காற்றில் தாள் ஈரம் இழுத்து நெளியும். அட்டையில் நாலு மூலையும் கிளிப் போட்டுக் கொடுங்கள்.

இரண்டாம் வகுப்பு: முதுகெலும்பும் ஒட்டுமிடமும்

மகரத்தைத் தலையிலிருந்து தொடங்கினால் தாள் போதாது. வாய் பெரிதாகி, உடம்பு சுருங்கி, வால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். முதலில் ஒரே ஒரு கோடு: துதிக்கை நுனியிலிருந்து வால் நுனி வரை, கையை எடுக்காமல். சிற்பத்தில் இந்தக் கோடு எங்கேயும் நேராக இருக்காது. துதிக்கையில் பின்னால் சுருண்டு, முதுகில் இறங்கி, வாலில் மேலே எழும்பும். பழைய செய்தித்தாளில் இந்தக் கோட்டை மட்டும் பலமுறை போடச் சொல்லுங்கள், தாளை நிறைக்கிற அளவுக்குப் பெரிதாக. அதில் பிள்ளைக்குப் பிடித்த கோட்டின் மேல்தான் மகரம் வளர வேண்டும்.

அடுத்து வாய். பிள்ளைகள் மூக்குக்குக் கீழே சின்னக் கீறலாக வாயைப் போடுவார்கள். முதலையின் தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போய்த்தான் முடிகிறது. அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலை உண்டு என்றாலும் அங்கே அழைத்துப் போகச் சொல்ல மாட்டேன். சுவரில் ஓடும் பல்லி பூச்சியைப் பிடிக்க வாயைத் திறக்கும்போது பார்த்தாலே புரியும். தாடை கண்ணுக்குப் பின்னால் முடிந்தால் மகரம் விழுங்கும். கண்ணுக்கு முன்னாலேயே முடிந்தால் சிரிக்கும். இரண்டில் எது தன் மகரம் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

இனி, இந்தப் பாடத்தின் உயிரான இடத்துக்கு வருகிறோம். ஒரு விலங்கின் தலையை இன்னொன்றின் உடம்பில் வைத்தால் ஒட்டுப் போட்ட துணி மாதிரி தெரியாமல் இருக்க என்ன செய்வது? வகுப்பில் இந்தக் கேள்வி தானாகவே வரும். பெரும்பாலும் இப்படி:

"டீச்சர், இதுக்குக் கால் எங்கேருந்து வரும்?"

"சங்கராவப் பாரும்மா. பக்கத் துடுப்பு எங்க இருக்கு?"

"செவுளுக்குப் பின்னாடி."

"அங்கேருந்துதான்."

இது தந்திரம் இல்லை, உயிரியல் உண்மை. நாலு கால் விலங்குகளின் முன்னங்கால், மீனின் அந்தப் பக்கத் துடுப்பிலிருந்து வளர்ந்து வந்ததுதான். இரண்டாவது ஜோடித் துடுப்பு பின்னங்காலானது. துடுப்பு இருந்த இடத்தில் கால் வைக்கும்போது பார்க்கிறவர் கண் அதை ஏற்றுக்கொள்கிறது. வயிற்றின் நடுவிலோ வால் பக்கத்திலோ வைத்தால் ஏன் என்று தெரியாமலேயே கண் உறுத்தும். சிங்கக் காலுக்கு மாதிரியாகத் தெருவில் முன்னங்காலை ஊன்றி உட்கார்ந்திருக்கும் நாயைப் பார்க்கச் சொல்லுங்கள். சோழ நாட்டுச் சிற்பியும் காட்டுச் சிங்கத்தைக் கண்டிருக்க வழியில்லை.

தலை உடம்போடு சேரும் இடத்துக்கும் மீனிலேயே விடை இருக்கிறது: செவுள் மூடி. அந்த வளைந்த விளிம்புக்கு முன்னால் வழவழப்பான தலை, பின்னால் செதிள். இயற்கையே அங்கே எல்லை போட்டு வைத்திருக்கிறது. முதலைத் தலையை அந்த விளிம்பு வரைக்கும் வரைந்து, அங்கிருந்து செதிளைத் தொடங்கினால் மாற்றம் தெரியாது. சிற்பிகள் இதற்கு மேல் இன்னொன்றும் செய்தார்கள். இரண்டு விலங்கு சேரும் ஒவ்வொரு இடத்திலும் மூன்றாவதாக ஏதோ ஒன்றை வைத்தார்கள். கழுத்தில் பிடரிச் சுருள், முழங்காலுக்குப் பின்னால் தீநாக்கு போன்ற மயிர்க்கற்றை, வால் தொடங்கும் இடத்தில் இலை. கோயிலுக்குப் போகும்போது பிள்ளைகளிடம், "மகரத்தைப் பாருங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், "எங்கெங்கே ஒட்டியிருக்கிறார்கள், எதை வைத்து மறைத்திருக்கிறார்கள், கண்டுபிடியுங்கள்" என்று கேளுங்கள். திருட்டைக் கண்டுபிடிக்கும் உற்சாகத்தோடு பார்ப்பார்கள்.

மறைக்காமலே ஒட்டுகிற வித்தையும் உண்டு. தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் எடுத்த ஐராவதேசுவரர் கோயிலில் ரிஷப குஞ்சரம் என்ற சிறிய சிற்பம் இருக்கிறது. காளைக்கும் யானைக்கும் சேர்த்து ஒரே தலை. காளையின் உடம்பைக் கையால் மறைத்தால் யானை, யானையின் உடம்பை மறைத்தால் காளை. இந்தப் படத்தை அச்செடுத்துக் கொடுத்து, தபால் அட்டை ஒன்றால் மாற்றி மாற்றி மறைக்கச் சொல்லுங்கள். 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை அன்றைக்கு முழுக்க வேறு எதையும் வரையாது. மீனுக்கும் பறவைக்கும் ஒரே கண், நண்டுக்கும் சிலந்திக்கும் ஒரே உடம்பு என்று தானாகவே தேட ஆரம்பிக்கும்.

கை வராமல் தயங்கி நிற்கும் பிள்ளைகளுக்கு மடிப்புத் தாள் விளையாட்டு உதவும். தாளை மூன்றாக மடித்து, ஒருவர் தலையை வரைந்து மறைக்க, அடுத்தவர் உடம்பை வரைய, மூன்றாமவர் வால் போடுவார். 1925 வாக்கில் பாரிஸில் சர்ரியலிஸ்ட் கலைஞர்களும் கவிஞர்களும் கூடி விளையாடியது இது. பிரித்துப் பார்க்கும்போது வரும் சிரிப்பில் பயம் போய்விடும். ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். தற்செயலாகச் சேர்ந்த விலங்குக்கு ஒட்டுமிடம் இருக்காது. அதே விலங்கை மறுபடி வரைந்து ஒட்டுமிடங்களைச் சரிசெய்யச் சொன்னால்தான் அது பாடமாகும்.

சொல்லாமல் விட வேண்டியவை

பிள்ளையின் தாளில் உங்கள் பென்சில் படக் கூடாது. காட்ட வேண்டியிருந்தால் வேறு தாளில் வரைந்து காட்டி, அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். வைத்திருந்தால் எல்லோரும் அதையே பார்த்து வரைவார்கள். வெளிக்கோடு மட்டும் அச்சிட்ட மகரத்தைக் கொடுத்து வண்ணம் அடிக்கச் சொல்வது நேரம் போக்கத்தான் உதவும். போட்டி வைத்து முதல் பரிசு கொடுப்பதையும் நான் ஏற்பதில்லை. பரிசு வாங்கிய மகரம் மறுநாளே எல்லாத் தாளிலும் நீந்தத் தொடங்கிவிடும்.

இன்னொன்றை மெதுவாகச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி இந்தக் கரையை அடித்தது. இன்றைய பிள்ளைகள் அதற்குப் பின் பிறந்தவர்கள். ஆனால் வீட்டில் அந்தக் கதை இருக்கிறது, சில வீடுகளில் மாலை போட்ட படமும் இருக்கிறது. அகலத் திறந்த வாயும் கடலும் சேரும் படத்தை வரைகையில், "இதுதான் சுனாமி" என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். ஆராயாதீர்கள், திருத்தாதீர்கள், "நல்லதா வரையேன்" என்றும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளை சொல்ல நினைக்கும் வரைக்கும் கேளுங்கள். படத்தை மற்றவர்களிடம் காட்டலாமா என்பதை அதனிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

வண்ணம்

வண்ணத்தை மூன்றோடு நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் கிரேயான் இளகி ஒட்டும், ஆகவே போஸ்டர் கலர் வசதி. வஞ்சிரத்தையோ கானாங்கெளுத்தியையோ திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்: முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலிருந்து பார்க்கும் பறவைக்கு முதுகு ஆழ்கடலின் இருட்டோடு கலந்துவிடும். கீழிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு வயிறு வானத்து வெளிச்சத்தோடு கலந்துவிடும். மகரத்துக்கும் முதுகை அடர்த்தியாகவும் வயிற்றை வெளிறியும் தீட்டினால், பின்னணியில் ஒரு சொட்டு நீலம்கூட இல்லாமலே அது தண்ணீருக்குள் இருப்பது தெரியும்.

பெரிய பிள்ளைகளுக்கு யாளி

மகரம் கைவந்த 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு யாளி. சங்கப் பாடல்களிலேயே யானையை வெல்லும் விலங்காக ஆளி வருகிறது. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் நிறுத்திய தூண்களில் யாளிகள் பின்னங்காலில் எழுந்து நிற்கின்றன. நாயக்கர் காலத்தில் இவை ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்தன. மதுரையிலும் வேறு பல ஊர்களிலும் மண்டபத் தூணெல்லாம் யாளிதான். சிலவற்றின் வாய்க்குள், வெளியே எடுக்க முடியாதபடி உருளும் கல் உருண்டை இருக்கும். சிங்க முகம் கொண்டது சிம்ம யாளி, யானை முகம் கொண்டது கஜ யாளி, குதிரை முகத்திலும் உண்டு.

வீட்டில் வீணை இருக்கிற பிள்ளை யாரேனும் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். பலா மரத்தில் செய்து புவிசார் குறியீடு பெற்றிருக்கும் தஞ்சாவூர் வீணையில், தண்டியின் கோடியில் கீழ்நோக்கி வளைந்திருப்பது யாளி முகம். கையில் எடுத்துத் திருப்பி எல்லாப் பக்கமும் பார்க்கக்கூடிய யாளி வேறு எங்கேயும் எளிதில் கிடைக்காது. முன்புறம், பக்கவாட்டு, மேலிருந்து என்று மூன்று படம் போடச் சொல்லுங்கள். மூன்றும் போட்ட பிள்ளைக்கு முகத்தின் பருமன் புரிந்துவிடும். அதன்பின் தட்டையாக வரையாது.

யாளியில் சொல்லித்தர வேண்டியது எடை. மகரத்தைத் தண்ணீர் தாங்கும், யாளியைப் பின்னங்கால்தான் தாங்க வேண்டும். பிள்ளை ஒருவரைக் கைகளை உயர்த்தி, ஒரு காலை முன்னால் தூக்கி நிற்கச் சொல்லி மற்றவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தொப்புளிலிருந்து நேர்கோடு இறக்கினால் ஊன்றிய பாதத்தின் மேல் விழ வேண்டும். தள்ளி விழுந்தால் ஆள் சாய்வார். யாளியின் நடுவுடம்பிலிருந்து அதே கோட்டை இறக்கிப் பார்த்துவிட்டு, கால் எங்கே ஊன்ற வேண்டும் என்று அவர்களே முடிவு செய்வார்கள்.

முடித்த படங்கள்

தாளின் பின்பக்கம் பெயரும் தேதியும் பிள்ளையே எழுதட்டும். முன்பக்கம் கீழே இரண்டு மூன்று வரி: என்ன தின்னும், எங்கே தூங்கும், யாரைக் கண்டால் பயப்படும். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். சுவரில் மாட்டும்போது பிள்ளைகளின் கண் உயரத்தில் மாட்டுங்கள்; குனிந்து பார்க்கிற சிரமம் பெரியவர்களுக்கு இருக்கட்டும். கடலுக்குப் போய் வந்தவர்கள் மாலையில்தான் ஓய்வாக இருப்பார்கள், எனவே பெற்றோர் வந்து பார்ப்பதை மாலைக்கு வையுங்கள். துடுப்பு எங்கே முளைக்கும், செதிள் எந்தப் பக்கம் படியும் என்று அப்பாக்களும் அம்மாக்களும் சொல்லும் திருத்தங்களைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். மீன் உடம்பைப் பொறுத்தவரை அவர்கள்தான் ஆசான்கள்.

மாசிமகத்தில் திருக்கண்ணபுரம் சவுரிராஜப் பெருமாள் கருட வாகனத்தில் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு வருவார். பட்டினச்சேரி மீனவர்கள் அவரை மாப்பிள்ளை என்று வரவேற்பார்கள். மனிதனும் பறவையும் சேர்ந்த கருடன் பிள்ளைகளின் தெருவுக்கே வரும் நாள் அது. திருவிழாவுக்குப் போகிற பிள்ளைகளிடம் ஒரே வேலை கொடுத்தனுப்புங்கள்: கருடனின் இறக்கை தோளில் எந்த இடத்தில் சேர்கிறது, அங்கே என்ன நகை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து வரச் சொல்லுங்கள்.

பள்ளிச் சுவரிலோ நூலகச் சுவரிலோ வரைய அனுமதி கிடைத்தால், எல்லோர் மகரத்தையும் ஒரே வரிசையாக, ஒன்றின் வால் அடுத்ததன் வாயைத் தொடும்படி, யாளி வரி போல ஓடவிடுங்கள். போஸ்டர் கலர் முதல் மழைக்கே கரைந்துவிடும். சுவரைச் சுரண்டி, பிரைமர் அடித்து, வெளிப்புற எமல்ஷன் பெயின்ட்டில் தீட்ட வேண்டும். அப்படித் தீட்டினாலும் கடலோரச் சுவரில் உப்பு பூத்துச் சில ஆண்டுகளில் பெயின்ட் உரியத் தொடங்கும். உரிந்த மகரங்களைத் திரும்பத் தீட்டிக் காப்பாற்ற நினைக்காமல், சுவரைச் சுத்தம் செய்து அடுத்து வரும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.